கூர்முனையில் ஒரு சத்தம்

என் அக்கா முட்டைகளை ஒட்டுக்கேட்கிறவள். முப்பத்தோரு வருடமாகக் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை. அங்கே அவளுக்குப் பெயர் ‘காது’. “காதைக் கூப்பிடு”, “காது வந்தாச்சா”, “காது இன்னைக்கு லீவு” என்றுதான் பேசிக்கொள்வார்கள். மேனேஜரே ஒருமுறை அறிவிப்புப் பலகையில் அப்படி எழுதிவிட்டு, பிறகு அசடு வழிய அடித்துத் திருத்தினாராம். அவளுக்கு அதில் கோபமெல்லாம் கிடையாது. யாராவது ‘காது’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

இதை எழுத எனக்கு அருகதை இல்லை. அவள் காதுக்குள் அந்தச் சத்தத்தைப் போட்டு வைத்தவனே நான்தான். அது இந்த வருடம் வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு சும்மா இருக்கவும் முடியவில்லை.

முதலில் அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. பண்ணையிலிருந்து முட்டைகள் வரும். குளித்துவிட்டு, அவர்கள் தரும் வெள்ளைக் கோட்டையும் ரப்பர் செருப்பையும் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஆள் உயரத்துக்கும் மேலே பெரிய பெரிய பீரோக்கள், எல்லாவற்றிலும் கோழியின் வயிற்றுச் சூடு. தட்டுத் தட்டாக முட்டைகளை அதில் அடுக்குவார்கள். மணிக்கொரு தரம் பீரோ ஒரு முனகலோடு தட்டுகளை இந்தப் பக்கம் சாய்க்கும், அடுத்த மணிக்கு அந்தப் பக்கம் சாய்க்கும். தாய்க்கோழி மூக்கால் முட்டையைப் புரட்டுகிறதே, அந்த வேலையை மோட்டார் செய்கிறது. பதினெட்டு நாள் அங்கே. கடைசி மூன்று நாள் பக்கத்து அறையில், தட்டையான கூடைகளில்.

இருபதாம் நாள்தான் விசேஷம். முட்டையின் அகலமான முனையில் கொஞ்சம் காற்று இருக்கும். குஞ்சு தன் மூக்கை அந்தக் காற்றுக்குள் குத்தி முதல் மூச்சை இழுக்கும். மூச்சு வந்ததும் கூப்பிட ஆரம்பித்துவிடும். ஓட்டுக்குள் இருந்துகொண்டே! காதில் வைத்தால் கேட்கும், நூல் மாதிரி ஒரு ‘கிய்’. அடுத்த நாள் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

அதனால் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் முதல் மணிநேரத்தில் சொல்லித் தருவது ஒன்றே ஒன்று: அகல முனை மேலே, கூர்முனை கீழே. மாற்றி வைத்தால் முக்கால்வாசிக் குஞ்சுகளுக்குத் தலை கூர்முனைப் பக்கம் போய்விடும். அங்கே காற்று இல்லை. இறகு வந்திருக்கும், கண் வந்திருக்கும், நகம்கூட வந்திருக்கும். எல்லாம் முழுசாக வளர்ந்த பிறகு, இல்லாத காற்றைத் தேடிக் கொஞ்ச நேரம் முட்டும். அப்புறம் நின்றுவிடும்.

அக்கா சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஒரே மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு முனை சொல்கிற அளவுக்குக் கை பழகிவிட்டது. ஒரு பிடியில் ஐந்து முட்டை எடுப்பாள், விரலிலேயே திருப்புவாள், ஐந்தும் ஐந்து குழியில் போய் உட்காரும். அத்தான் அங்கே குஞ்சுப் பெட்டிகளை ஏற்றிப்போகிற வேன் டிரைவர். “வண்டி ஏத்துற இடத்துல நின்னு உங்க அக்கா கையையே பாத்துட்டிருந்தேன் மச்சான், மூணு பெட்டிய விட்டுட்டுப் போய்ட்டேன்” என்று கல்யாணத்துக்கு முன்னாடியே என்னிடம் ஒப்புக்கொண்ட மனுஷன். நல்ல மனுஷன், எங்கள் குடும்பத்தில் கொஞ்சமாகப் பேசி நிறைய யோசிக்கிற ஒரே ஆள்.

கல்யாணமாகி நாலாவது வருடம் அக்கா உண்டானாள். எட்டாம் மாதம் வரை நின்றபடியே தட்டு அடுக்கினாள். கால் வீங்கிப்போனது. கிளினிக் நர்ஸ், படுக்கும்போது காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்துக்கொள்ளச் சொன்னார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் அவள். பஞ்சுத் தலையணை இரண்டை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக்கொண்டு, ஒரு நாள் விடாமல் வைத்துப் படுத்தாள். ஒன்பதாம் மாதம் பிரசவம். நான் அப்போது வேறு ஊரில் பள்ளி வாத்தியார், வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம். போனில் அம்மா சொன்னது இரண்டே வார்த்தை. “குழந்தை தங்கல.”

போனேன். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீ குடித்தோம். எங்கள் வீட்டில் இந்த மாதிரி விஷயங்களைப் பெண்கள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள், ஆண்கள் வாசலில் மழையைப் பற்றிப் பேசுவார்கள். எப்படி, என்ன என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

மூன்றாம் மாதம் அக்கா வேலைக்குத் திரும்பினாள். அப்போதுதான் அது நடந்தது. கண்ணை மூடிக்கொண்டு முனை சொல்கிறவள், ஒரு முழுத் தட்டை, நூற்றைம்பது முட்டையையும், கூர்முனை மேலே வைத்து அடுக்கிவிட்டாள். பீரோவைத் திறக்கிறவர்கள் சூட்டைப் பார்ப்பார்கள், ஈரத்தைப் பார்ப்பார்கள், முனையை யார் பார்க்கிறார்கள்? பதினெட்டாம் நாள் தட்டை வெளியே இழுத்தபோதுதான் தெரிந்தது. அதற்குமேல் திருப்பி வைத்தும் பிரயோஜனமில்லை. நாற்பது சொச்சம் தப்பித்து வந்தன. மற்றவை உள்ளேயே முட்டிக்கொண்டிருந்ததை அவள் நின்று கேட்டிருக்கிறாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டிருக்கிறாள்.

அந்த வார லீவில் நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்து மூவரும் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தோம். “தம்பி, ஒரு சந்தேகம்” என்றாள். “முட்டைக்குள்ள கும்மிருட்டு. குஞ்சுக்கு மேல எது, கீழ எதுன்னு யாரு சொல்றா?”

வாத்தியாரிடம் சந்தேகம் கேட்டால் கேட்க வேண்டுமா? அந்த மாதம்தான் வகுப்பில் ஈர்ப்பு விசை நடத்திக்கொண்டிருந்தேன். நாக்கு அரித்துக்கொண்டிருந்தது. கரண்ட் பில்லைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் படம் போட ஆரம்பித்துவிட்டேன். ஆதியில் வெறும் வாயுதான் அக்கா, எங்கே பார்த்தாலும் மெல்லிசாகப் பரவிக் கிடந்தது. அப்படியே விட்டிருந்தால் இன்றைக்கும் அப்படியேதான் கிடந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு பொட்டும் பக்கத்துப் பொட்டை இழுத்தது. இழுத்து இழுத்து உருண்டையாகி, உள்ளே அழுத்தம் தாங்காமல் எரிந்தது. அதுதான் நட்சத்திரம். நீ தொடுகிற முட்டை ஓட்டில் சுண்ணாம்பு இருக்கிறதே, உன் ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே, எல்லாம் அந்த உலையில் வெந்ததுதான். நட்சத்திரங்கள் வெடித்துச் சிதறின, சிதறிய தூசியை அதே இழுப்பு மறுபடி கூட்டிச் சேர்த்துப் பூமி ஆக்கியது. பூமி இன்னும் சின்னதாக இருந்திருந்தால் காற்று நிற்காமல் ஓடிப்போயிருக்கும், மூச்சு ஏது? பெரிதாக இருந்திருந்தால் நிமிர்ந்து நிற்க முடியுமா? எல்லாவற்றையும் அளந்து வைத்தது அந்த இழுப்புதான். அது அத்தோடு விட்டதா? கோழி வயிற்றுக்குள் முட்டை உருளும்போதே, எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்று முடிவு பண்ணுகிறது. கடைசி வாரத்தில் தலையை மேலே கொண்டு போ என்று குஞ்சுக்குச் சொல்வதும் அதுதான். நாம் முட்டையை மாற்றி வைத்தால் பாவம், அதற்கு வரும் தகவலே தப்பு!

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நன்றாகத்தான் சொன்னேன்.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மனுஷங்களுக்கும் இதேதானா?”

“பின்ன? இழுக்கறதுக்கு இது கோழி, இது மனுஷன்னு தெரியுமா? எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்.”

இதை நான் எங்கேயும் படித்ததில்லை. கோழியைப் பற்றிப் படித்திருந்தேன். மனுஷரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பேச்சு நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, பிரேக் போட மனசில்லை, அவ்வளவுதான் நடந்தது. அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில் குழாய் ரொம்ப நேரம் ஓடியது. அத்தான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தூக்கம் வருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அவள் ‘காது’ ஆனாள். இருபத்தோராம் நாள் சாயங்காலம், பொரித்த குஞ்சுகளையெல்லாம் அள்ளிப்போன பிறகு, பொரிக்காத முட்டைகள் கூடையில் மிஞ்சும். அவற்றைக் குப்பைக்கு அனுப்புவதுதான் வழக்கம். உதவி செய்து வெளியே எடுக்கக் கூடாது என்பது அங்கே விதி, அப்படி வருகிற குஞ்சு தேறாது. அக்கா எல்லோரும் போகும்வரை இருந்து, மிஞ்சிய ஒவ்வொன்றையும் காதில் வைத்துக் கேட்பாள். கூர்முனையில் சத்தம் வந்தால் அங்கே நகத்தால் ஓட்டைப் பொட்டு அளவு உடைத்துக் காற்று விடுவாள். மேனேஜர் இரண்டு தடவை எச்சரித்துப் பார்த்தார், மூன்றாவது தடவை பார்க்காத மாதிரி போய்விட்டார்.

அப்படி வந்தவற்றை அட்டைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். முக்கால்வாசி இரண்டு நாளில் போய்விடும். பிழைத்தவை விரல் கோணி, கழுத்து சாய்ந்து, கொல்லையில் வட்டமடித்துக்கொண்டிருக்கும். நான் போகும்போதெல்லாம் கிண்டல் பண்ணுவேன். “என்னக்கா, தலைகீழ்க் கட்சியில புதுசா யாராவது சேந்திருக்காங்களா?” அவளும் சிரிப்பாள். இருபத்தைந்து வருடம் இந்த ஒரே நகைச்சுவையை வைத்து ஓட்டியிருக்கிறேன்.

இன்னொரு குழந்தை வேண்டாம் என்றுவிட்டாள். அத்தான் ஆசைப்பட்டார், அம்மா கெஞ்சிப் பார்த்தாள். காரணம் சொல்லவில்லை. நான் சும்மா இருந்தேனா? எந்த வயதுக்குள் பெற்றுக்கொள்வது நல்லது என்று ஒரு பத்திரிகைக் கட்டுரையை வெட்டி எடுத்துப்போய்க் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்துக் கண்ணாடி டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

பேசிக்கொண்டே இருப்பாள், நடுவில் நிறுத்தித் தலையைச் சாய்ப்பாள். “கேக்குதா?”

“என்ன?”

“ஒண்ணுமில்ல.”

குழாய் சொட்டினாலும் சரி, கதவுக் கீல் கத்தினாலும் சரி, அவளுக்கு அது ஏதோ ஒன்று கூப்பிடுவதுதான். ஒருமுறை பஸ்ஸில் யாரோ ஒரு அம்மாவின் பையிலிருந்து சத்தம் வருகிறது என்று, அந்த அம்மா இறங்கிய இடத்தில் தானும் இறங்கிப் பின்னாலேயே நடந்திருக்கிறாள். பைக்குள் இருந்தது பேட்டரி தீர்ந்துகொண்டிருந்த ஒரு கடிகாரம். இதையும் நான் ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் என் மகளுக்கு ஏழாம் மாதம். ஸ்கேனில் குழந்தையின் தலை மேலே இருந்தது. “இன்னும் நாள் இருக்கு, தானா திரும்பும்” என்று டாக்டர் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். மகள் சோபாவில் சாய்ந்து, காலுக்கடியில் தலையணை வைத்துப் படுத்திருந்தாள். ஸ்கேன் விஷயத்தை வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். “அத்தை, உங்க பேரனோ பேத்தியோ, இப்பவே நிமிர்ந்து உக்காந்திருக்கு!”

பழப்பை கீழே விழுந்தது. அக்கா பாய்ந்துபோய் அந்தத் தலையணையைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் மகளின் கால் மேஜையில் இடித்தது. “எவ சொன்னா உனக்குக் காலைத் தூக்கி வைன்னு?”

“நர்ஸ்தான் அத்தை சொன்னாங்க...”

“எனக்கும் நர்ஸ்தான்டி சொன்னாங்க!”

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். வேனில் போய் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. அத்தான் அவள் பின்னால் போகவில்லை. என்னைக் கூப்பிட்டுக்கொண்டு படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றார்.

“சொல்லக்கூடாதுன்னு இருபத்தாறு வருஷமா வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன் மச்சான்” என்றார். “எங்க குழந்தைக்குக் கால்தான் முதல்ல வந்துச்சு. தலை மாட்டிக்கிச்சு. நல்லா வளந்த குழந்தை. நகமெல்லாம் இருந்துச்சு.”

நான் இரண்டு படி ஏறி வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

“அன்னைக்கு நீங்க படம் போட்டுக் காட்டினீங்க இல்ல? படுக்கப் போகும்போது தலையணைய எடுத்துட்டு வந்து எங்கிட்ட நீட்டுனா. ‘தட்டை மட்டும் இல்லங்க, இதையும் நான்தான் தலைகீழா வெச்சேன். கால மேல வெச்சுப் படுத்தேன், குழந்தைக்கு மேல எது கீழ எதுன்னு மாறிப்போச்சு’ன்னா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். நான் டிரைவர். நீங்க படிச்சவரு. யார் பேச்ச நம்புவா?”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அத்தான்?”

“சொல்லக்கூடாதுன்னு கையப் புடிச்சுக்கிட்டா. ‘தம்பி தெரிஞ்சு சொல்லல, கேட்டா தாங்கமாட்டான்’னா.”

அழுதேன். மகளுக்குக் கேட்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நானூற்றைம்பது கோடி வருடம் முன்னால் பூமி எப்படித் திரண்டது என்று சொல்லத் தெரிந்த எனக்கு, மூன்று மாதம் முன்னால் எதிரே இருந்தவளுக்கு என்ன நடந்தது என்று கேட்கத் தெரியவில்லை. அந்த இழுப்புக்காவது யார்மேலும் வஞ்சமில்லை. எனக்கும்தான் வஞ்சமில்லை. அதனால் என்ன, நசுங்கியவள் நசுங்கியவள்தானே.

மறுநாளே மகளின் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக நடுவில் பேசாமல் கேட்டேன். “அம்மா எப்படிப் படுக்கறாங்கன்னு பாத்துக் குழந்தை திரும்பறது இல்ல சார். தலையணைக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. முன்ன காலத்துல, தலை கனமா இருக்கு, அதனால கீழ வருதுன்னு நினைச்சாங்க, அதுவும் சரியா நிக்கல. சில குழந்தை ஏன் திரும்பறது இல்லைன்னு பாதி நேரம் எங்களுக்கே தெரியாது” என்றார்.

அங்கிருந்து நேராகப் பொரிப்பகத்துக்குப் போனேன். முப்பத்தோரு வருடத்தில் நான் அதற்குள் நுழைந்ததில்லை. குளிக்கச் சொன்னார்கள், குளித்தேன். கோட்டு முழங்கையோடு நின்றது, செருப்பு இரண்டு அளவு பெரிது. சாயங்காலம், ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஈரச் சூட்டில் குஞ்சுகளின் இறகுப் பஞ்சு வாடை. அக்கா நீள மேஜையின் முன்னால் உட்கார்ந்து, மிஞ்சிய முட்டைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் சொல்லிவிட்டார் என்பது என்னைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அக்கா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. டாக்டர்கிட்டக் கேட்டுட்டு வரேன். நீ எப்படிப் படுத்திருந்தாலும் அது அப்படித்தான் ஆயிருக்கும். தலையணைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நிச்சயமா இல்ல.”

அவள் கையிலிருந்த முட்டையைக் காதிலிருந்து எடுக்கவில்லை. “அன்னைக்கும் இதே மாதிரிதான் அடிச்சுச் சொன்னே” என்றாள்.

நான் டாக்டர் சொன்னதை மறுபடி, இன்னும் விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

“உனக்கு ரெண்டு பக்கமும் நல்லாப் பேச வருது தம்பி.” குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். “சரி, தலையணை இல்லன்னா வேற எதனால? அதச் சொல்லு.”

வாயைத் திறந்துவிட்டேன். கொடி சுற்றியிருக்கலாம், கர்ப்பப்பை வடிவம் அப்படி இருந்திருக்கலாம், நான்கைந்து காரணம் வரிசையாக நாக்கில் வந்து நின்றது. எதைச் சொன்னாலும் நம்பும்படி சொல்லியிருப்பேன். அவள் அதையும் தூக்கிக்கொண்டு இன்னொரு இருபத்தாறு வருடம் நடந்திருப்பாள்.

“தெரியாதுக்கா.”

“என்ன?”

“எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது.”

அவள் முட்டையைக் காதிலிருந்து இறக்கினாள். என்னை நேராகப் பார்த்தாள். இந்த ஒன்றை நம்பினாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா” என்றாள்.

பிறகு அந்த முட்டையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு எழுந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே அழுதாள். பிரசவத்தறையில் அழ வேண்டியதை அழுதாள் என்று நினைக்கிறேன். முட்டை வெதுவெதுப்பாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் காதில் வைத்தேன். கேட்டது. கூர்முனையில், உள்ளே இருந்து, நூல் மாதிரி. எங்கே உடைக்க வேண்டும், எவ்வளவு உடைக்க வேண்டும் என்று அவளைக் கேட்டிருக்கலாம். அவள் அழுகையை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பேசவே பிறந்தவன், அந்த இரண்டு நிமிஷம் பேசாமல் நின்றேன். மறுபடி காதில் வைத்தபோது சத்தம் இல்லை.

எட்டாம் மாதக் கடைசியில் என் பேத்தி தானாகவே தலைகீழாகத் திரும்பினாள், சுகப்பிரசவம். ஏன் திரும்பினாள் என்று நான் யாருக்கும் விளக்கவில்லை. அக்கா இப்போது ஐந்து மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாளாம். மிஞ்சிய கூடை வழக்கப்படி போகிறது. கொல்லையில் கடைசியாக ஒரு கோணல் கோழி மட்டும் இருக்கிறது. நேற்று பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அந்தக் கோழியை அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள், குழாய் சொட்டியது, அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குத்தான் கேட்கிறது. வகுப்பில் சாக்பீஸ் கிறீச்சிட்டால் கை நின்றுவிடுகிறது. பாதி எழுதிய சூத்திரத்தோடு தலையைச் சாய்த்து நிற்கிறேன். பிள்ளைகள் “என்ன சார்?” என்கிறார்கள். ஒண்ணுமில்ல என்கிறேன்.